நாலாவது வளையம்

உன் கயிறு கிடைத்துவிட்டது.

நான் ஒன்றும் தேடவில்லை. வெள்ளையடிக்க ஆள் வருகிறான் என்று ஸ்டெல்லா பரணைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஓட்டை அண்டா இறங்கியது. கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற மண் ஆடுகள் இறங்கின. யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று நீ அடம்பிடித்து வைத்திருந்த கால் உடைந்த தொட்டில் இறங்கியது. கடைசியில் ஒரு மூட்டை என் காலடியில் வந்து விழுந்தது. நம்முடைய பழைய ஜமுக்காளம். பிரித்தால் உள்ளே கயிறு. இத்தனை வருஷம் ஆகியும் அந்தத் தேங்காய்நார் வாடையும் உப்பு வாடையும் போகவில்லை.

"இத எதுக்குப்பா வெச்சிருக்கீங்க? அடுப்பெரிக்கக்கூட ஆகாது" என்றாள் உன் மகள். வைத்தது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நீ செய்து வைத்ததற்கெல்லாம் இன்னமும் நான்தான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

கிணற்றுக் கயிற்றில் பாதியை வெட்டி நீ செய்தது அது. உன் இடது மணிக்கட்டில் ஒரு முனை, இரண்டு சுற்று. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வளையம், அதில் மூன்று வயது ரீட்டா. அடுத்ததில் ஆறு வயது ராஜு. கடைசி வளையத்தில் ஒன்பது வயது ஸ்டெல்லா. இழுத்தால் இறுகாத முடிச்சு. பிள்ளைகளின் இடுப்பில் உரசக்கூடாது என்று ஒவ்வொரு வளையத்துக்கும் உன் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றித் தைத்திருப்பாய். அந்தத் தையலைப் பார்த்தால் ஏதோ ஞானஸ்நானச் சட்டைக்குத் தைத்தது என்று நினைப்பார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன். மே மாதம் விடுமுறை விட்டால் பிள்ளைகள் நாலு சுவருக்குள் கிடக்கக்கூடாது என்பது என் கட்சி. மலை என்று பாடத்தில் படித்தால் பரங்கிமலைப் படியில் ஏறிப் பார்க்கவேண்டும். ஆறு என்று படித்தால் அதில் கால் நனைக்கவேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் முதல் பூசை முடிந்ததும் எங்கேயாவது கிளம்பிவிடுவோம். எங்கே போவது, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று சனிக்கிழமையே நான் காகிதத்தில் எழுதி வைத்திருப்பேன். நீ எலுமிச்சம்பழச் சாதம் கட்டுவாய், கூஜாவில் தண்ணீர் நிரப்புவாய், வேர்க்கடலை வேகவைப்பாய், ஜமுக்காளத்தைச் சுருட்டுவாய். எல்லாம் முடிந்து நான் செருப்பில் கால் நுழைக்கும்போது, கயிற்றோடு வந்து நிற்பாய். அந்த இடத்திலேயே என் பாதி உற்சாகம் போய்விடும்.

கடற்கரைக்குக் கயிறு என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பனகல் பார்க்குக்கு எதற்குக் கயிறு? தியாகராய நகரின் நட்டநடுவில் எந்த அலை வந்து ரீட்டாவை அடித்துக்கொண்டு போகும்? கேட்டேன். "பார்க்குல கூட்டங்க" என்றாய். அன்றைக்குப் பார்க்கில் நாம் ஐந்து பேர், ஒரு தோட்டக்காரன், இரண்டு ஆடு. அந்தத் தோட்டக்காரன் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, "இன்னா சார், கொரங்காட்டிகூட இப்டி இஸ்த்துக்கினு போவ மாட்டான்" என்றான். எனக்கு முகம் சிவந்துவிட்டது. நீயோ அவனிடம் குடிக்கிற தண்ணீர்க் குழாய் எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தாய். டிராமில் கண்டக்டர் கயிற்றைத் தூக்கிப் பார்த்து, இதற்கும் ஒரு டிக்கெட் போடட்டுமா என்று கேட்டதையும் நான் மறக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. கல்யாணமான முதல் வருஷம் ஒரே ஒரு தடவை சொன்னாய். உனக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறைக்குப் பாலவாக்கத்தில் உங்கள் மாமா வீட்டுக்குப் போயிருந்தீர்கள். உன் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் நின்றாய். ஒரு அலை வந்தது. அது போனபோது கையில் தம்பி இல்லை. "கைய நல்லாதாங்க புடிச்சிருந்தேன்" என்று சொன்னாய். "கை வழுக்கிடுச்சு. முடிச்சுன்னா வழுக்கியிருக்காது." அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இதெல்லாம் தெரிந்தும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஊரில் எல்லார் வீட்டிலும்தான் துக்கம் இருக்கிறது, அதற்காக எல்லாரும் பிள்ளைகளைக் கட்டி இழுத்துக்கொண்டா போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு தடவை வாய்விட்டும் சொன்னேன். நீ ராஜுவின் முடிச்சைச் சரிபார்த்தாய்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. யுத்தம் முடிந்து வந்த முதல் மே மாதம். சாந்தோமிலிருந்து மணலிலேயே தெற்கே நடந்து, அடையாறு கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எட்டு மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கரையில் சவுக்குத் தோப்பு, நல்ல நிழல். பாலத்தைச் சுற்றிப் போவதென்றால் பிள்ளைகளோடு மூன்று மைல் நடக்கவேண்டும். எதிரிலோ மணல்திட்டு ஆற்றின் குறுக்கே நீட்டிக்கொண்டு கிடந்தது. நடுவில் நாலைந்து கெஜ அகலத்துக்கு மட்டும் தண்ணீர்.

நான் பிள்ளைகளை நிறுத்திவைத்துப் பாடம் நடத்தினேன். கோடையில் ஆற்றில் நீர் வற்றும், கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும், ஆகையால் மே மாதத்தில் முகத்துவாரத்தை நடந்தே கடக்கலாம். குடையை நீட்டி எல்லாவற்றையும் காட்டினேன். அங்கே வலை காயவைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அங்க போவாத சார். மேலதான் மணலு கீது, கீழ ஓட்டம் கீது" என்றார்.

"நான் பூகோள வாத்தியார்ப்பா" என்றேன். இப்போது எழுதும்போதுகூட என் காது சுடுகிறது.

நீ கயிற்றின் உன் பக்கத்து முனையை அவிழ்த்து என்னிடம் நீட்டினாய். "இத இடுப்புல கட்டிக்கினாவது போங்க."

"நான் என்ன மாடா?"

அதுதான் நான் சொன்னது. சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையை விரித்தபடி, முன்னால் நடந்தேன். முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால். திரும்பி உன்னைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்த அடி வைத்த இடத்தில் மணல் இல்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. உலகத்திலுள்ள சமுத்திரம் அத்தனையும் படத்தில் தொட்டுக் காட்டுகிறவனுக்கு நீச்சல் தெரியாது. மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் ஏறியது. ஆற்றின் ஓட்டம் என்னைக் கடல் பக்கம் இழுத்தது. மேலே வந்த ஒரு நொடியில் உன்னைப் பார்த்தேன். வீட்டு வாசல் தாண்டினால் அவிழ்க்காத முடிச்சுகளை நீ அவிழ்த்துக்கொண்டிருந்தாய், மூன்றையும். "ஸ்டெல்லா, ரெண்டு பேரையும் புடிச்சிக்கினு ஒக்காரு, எந்திரிக்கக் கூடாது!" என்று நீ கத்தியது காதில் விழுந்தது. மறுபடியும் உள்ளே போனேன்.

முதல் தடவை நீ வீசிய கயிறு எட்டவில்லை. இரண்டாவது தடவை ஸ்டெல்லாவின் வளையம் என் முகத்திலேயே வந்து விழுந்தது. அதற்குள் கையை நுழைத்துக்கொண்டேன். நீ மணலில் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றி, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தாய். அந்த மீனவர் ஓடிவந்து பிடிக்கும்வரை நீ ஒருத்தியாகத்தான் பிடித்திருந்தாய். நான் கரைக்கு வந்தபோது கையில் குடை இருந்தது, இடுப்பில் வேட்டி இல்லை.

நீ அழவில்லை, திட்டவில்லை. ஜமுக்காளத்தை உதறி என்மேல் சுற்றினாய். கூஜாவிலிருந்து வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றினாய். பிள்ளைகளை மறுபடியும் வளையத்துக்குள் விட்டாய். உன் மணிக்கட்டில் தோல் உரிந்து ரத்தம் கசிந்ததை நான் பார்த்தேன். அதைப் பற்றி நானும் ஒன்றும் கேட்கவில்லை.

சிவப்பும் நீலமுமாகப் பட்டை போட்ட ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டு நான் வீடு திரும்பினேன். நம் தெரு முனையில், வேறு யாராவது வரக்கூடாதா, எங்கள் கணக்கு வாத்தியார் வந்தார். "என்ன சார் இது கோலம்?"

"ஒண்ணுமில்ல, முகத்துவாரத்துல கால் வழுக்கிடுச்சு. இடுப்பளவு தண்ணிதான்" என்றேன்.

"அப்பா தலையே தெரியலியே" என்றான் ராஜு.

நீ அவன் வாயில் ஒரு பிடி வேர்க்கடலையைத் திணித்தாய். கணக்கு வாத்தியாரைப் பார்த்து, "ஆமாங்க, இடுப்பளவுதான்" என்றாய்.

அங்கே ஆரம்பித்தது. அதற்குப் பிறகு இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்? ஆசிரியர் அறையில் சொன்னேன், பங்குச் சாமியாரிடம் சொன்னேன், ஸ்டெல்லாவின் கல்யாணப் பேச்சின்போது சம்பந்தியிடம்கூடச் சொன்னேன். எப்போது சொன்னாலும் காபித் தட்டோடு நீ வந்து நிற்பாய். "இடுப்பளவுதாங்க" என்பாய். மணிக்கட்டில் இருந்த தழும்பை யாராவது கேட்டால் எண்ணெய் தெறித்தது என்பாய். உன்னை யார் கேட்டார்கள்? நான் சொன்ன பொய்க்கு ஆள் இல்லை என்று நீ வந்து சாட்சி சொன்னாயா?

நான் காத்திருந்தேன், தெரியுமா? நமக்குள் சண்டையா வராமல் இருந்தது? மண்ணெண்ணெய்க்கு, என் தங்கைக்கு, ராஜுவின் படிப்புக்கு, பூனைக்கு. ஒவ்வொரு சண்டையிலும் இதோ எடுக்கப்போகிறாள் என்று நினைப்பேன். 'நான் மட்டும் அன்னைக்கு இழுக்கலன்னா' என்று நீ தொடங்கினால் பதில் சொல்ல நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். நீ தொடங்கவே இல்லை. கணவனை ஒரு தடவையாவது குத்திக்காட்டாத பெண்டாட்டியோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு என்ன தெரியும்? ஒரே ஒரு தடவை நீ சொல்லியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன், அப்புறம் கடைசியில் 'ஆமாம்' என்றாவது சொல்லியிருப்பேன்.

நீ சொன்னதெல்லாம் கயிற்றில்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பு மாட்டும்போது கயிற்றோடு வந்து நின்றாய். அதில் நாலாவதாக ஒரு வளையம் இருந்தது. பெரியது. அதற்கு என் பழைய வேட்டித் துணியைச் சுற்றித் தைத்திருந்தாய். என்னிடம் நீட்டினாய். எனக்கு வந்த கோபத்தில் அதை இடுப்பில் மாட்டவில்லை. கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிள்ளைகள் வளர்ந்து கயிறு பரணுக்குப் போகும்வரை அப்படித்தான், கையில் பிடித்தேனே தவிர ஒரு நாளும் மாட்டவில்லை.

போன டிசம்பரில் உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். ஜெபமாலையை உன் இடது மணிக்கட்டில்தான் சுற்றியிருந்தார்கள், தழும்பு தெரியவில்லை. பெட்டியை இறக்கும்போது ஒரு பக்கத்துக் கயிற்றை நான் பிடிப்பேன் என்றேன். வயதானவர், வேண்டாம் என்றார்கள். நான் கேட்கவில்லை. குழிக்குள் பெட்டி இறங்க இறங்க, அந்த 'ஆமாம்' என்பதை இப்போதாவது சொல்லிவிடவேண்டும் என்று இருந்தது. சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார், சுற்றி ஊரே நின்றது. குழி வெட்டுகிறவன் என் கையைத் தொட்டு, "எறக்கியாச்சு சார். கயித்த வுடு சார்" என்றான். இரண்டு தடவை சொன்னான். விட்டேன். நீ விடாத கயிறு, நான் விட்டேன். சொல்லவந்ததும் அப்படியே நின்றுபோயிற்று.

இன்று மத்தியானம் ஸ்டெல்லா சுண்ணாம்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அந்த நாலாவது வளையத்தை மாட்டிப் பார்த்தேன். தொளதொளவென்று இருக்கிறது. நான் இளைத்துவிட்டேன், அன்றைக்குச் சரியாக இருந்திருக்கும். அளவெடுக்காமலே எப்படித் தைத்தாயோ. மறுமுனை தரையில் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாளைக்குப் பேரப்பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கயிறும் வருகிறது. ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொள்வாள், பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எதற்குத் தாத்தா இது என்று கேட்டால் முகத்துவாரத்துக் கதையைச் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். அது இடுப்பளவு இல்லை. என் காலுக்குத் தரை தட்டவே இல்லை. நீ இழுத்தாய், அதனால்தான் நான் இருக்கிறேன்.

பக்கத்தில் நின்று "இடுப்பளவுதாங்க" என்று சொல்லத்தான் நாளைக்கு நீ இருக்கமாட்டாய்.