உப்புப் பூத்த அகல்கள்

சரோஜா, என் சண்டைக்காரி,

நீ போன பிறகு என்னோடு மல்லுக்கு நிற்க வீட்டில் ஆள் இல்லை. நம் மலர் விடிந்ததும் ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். பொழுது சாய்ந்து, நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்த கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற பெண்ணிடம் என் புலம்பலைக் கொட்ட மனசு வரவில்லை. அதனால் உன்னிடமே சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு நம் வீட்டிலிருந்து கோயிலுக்கு அகல் போகவில்லை.

கேட்டாயா? போகவில்லை. அம்மன் கோயில் படியில் எரிகிற அகல் அத்தனையும் நம் சூளையில் வெந்ததாக இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஒரு வருஷம் தவறினால் அந்த உரிமை கைவிட்டுப் போய்விடும் என்று காய்ச்சலோடு மண் மிதித்தவள் நீ. உன் உடம்பைப் பார்க்கச் சொன்னதற்கு என்மேல்தான் பாய்ந்தாய்.

சாவு விழுந்த வீடாயிற்றே, இந்த வருஷம் வாங்குவார்களா என்று எனக்குச் சந்தேகம். தர்மகர்த்தா வீடு தேடியே வந்துவிட்டார். "நெருப்புல வெந்து வர்ற பொருளுக்கு இன்னா தீட்டு? நீ கோயிலுக்குள்ள வராத, அவ்ளோதான். அகல குடுத்துடு" என்றார். எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. பண்டிகை நமக்குத்தான் இல்லை. ஊருக்கு உண்டு. உனக்காகவாவது இந்த ஒரு வருஷத்தைத் தவறவிடக் கூடாது என்று நினைத்தேன்.

பஷீர் பாய் வழக்கம்போல ஏரி மண்ணை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார். கொட்டியவர் வண்டியை எடுக்கவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். நீ வந்து ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினால்தானே அவர் கிளம்புவார்? இத்தனை வருஷத்துப் பழக்கம். பிறகுதான் அவருக்கு உறைத்தது, பாவம்.

"இப்ப யாருண்ணா பாக்கறது?" என்றார்.

"ஏன், எனக்கு நாக்கு இல்லியா?" என்று நானே எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். நன்றாகச் சப்பிப் பார்த்தேன். "சுத்தமா கீது பாய், நீ கெளம்பு" என்றேன்.

அப்புறம் கேட்கவா வேண்டும்? நானே மிதித்தேன், நானே பிசைந்தேன், சக்கரத்தில் உட்கார்ந்தேன். கட்டைவிரலால் திரி வைக்கும் மூக்கை அழுத்தி, நூலால் அறுத்து, பின்னால் நீட்டுவேன். வாங்கிப் பலகையில் வைக்க நீ இருப்பாய் என்று கைக்கு நினைப்பு. எத்தனை அகலை அப்படி நழுவவிட்டேன் தெரியுமா? காயும்போதே லேசாக வெள்ளை படிந்ததுதான். சூளைப் பக்கமாயிற்றே, சாம்பல் படிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சூளையைப் பிரித்தபோது எல்லாம் நல்ல சிவப்பு. ஒரு மழை ஈரம் பட்டது. மறுநாள் பார்த்தால் விளிம்பெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கிறது. துடைத்தால் மறுபடி பூக்கிறது. எண்ணெய் ஊற்றினால் அடியில் கசிந்து, மேல்தோல் செதில் செதிலாகக் கையோடு வருகிறது.

மலர் வந்து பார்த்தாள். மீதியிருந்த பச்சை மண்ணைக் கொஞ்சம் கிள்ளி வாயில் வைத்தவள் உடனே துப்பினாள். "தூ! இன்னாப்பா இது, வெறும் உப்பு! உனக்கு இது கூடவா தெரியல?"

"தெரியலம்மா" என்றேன். பாயைக் கூப்பிட்டு அவர் நாக்கிலும் வைக்கச் சொன்னோம். அவர் என்னைப் பார்த்து முழித்தார். "எனக்கும் ஒண்ணும் தெரியலியே."

அப்போதுதான் விளங்கியது. மலர் இத்தனை வருஷமாகக் கம்பெனியில் கேன் தண்ணீர் குடிக்கிறாள், வீட்டுக்கும் பாட்டிலில் கொண்டுவந்துவிடுகிறாள். நீ உன் ஊர் திமிரியில் நல்ல கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த அன்றே நம் வீட்டுத் தண்ணீரை வாயில் வைத்துவிட்டுத் துப்பினாய். உனக்கும் மலருக்கும் மட்டும் கடைசிவரை மலையடிக் கிணற்றுக்குக் குடம் தூக்கினாய். "பெரிய மகாராணி" என்று என் அம்மா உன்னைக் கரித்துக் கொட்டியது இந்தத் தண்ணீருக்காகத்தானே? நானும் பாயும் பாலாற்றங்கரையில் பிறந்து, இந்த உப்புத் தண்ணீரிலேயே பொங்கித் தின்று வளர்ந்தவர்கள். எது உப்பு, எது தண்ணீர், எது மண் என்று எங்கள் நாக்குக்குத் தெரியவில்லை, சரோஜா. மண்ணே தொழிலாக இருக்கிறவனுக்கு மண்ணின் ருசி தெரியவில்லை என்றால் அப்புறம் என்ன இருக்கிறது?

தோல் பதனிடும் டேனரிக் கழிவுதான் மழையோடு ஏரியில் இறங்கியிருக்கும் என்கிறார் பாய். "அடுத்த வருஷம் நான் பாத்து சொல்றேம்பா" என்று மலர் என்னைத் தேற்றினாள். அதைக் கேட்டுப் பாயும் பக்கத்து ஏரிகளிலிருந்தெல்லாம் ஒவ்வொரு பிடி அள்ளிக்கொண்டு வந்தார். மலர் ஒன்றுவிடாமல் துப்பினாள். இனி எந்த மண்ணை அவள் பார்த்துச் சொல்ல?

துடைத்துக் கொடுத்திருந்தால் விளக்கேற்றும்வரை யாருக்கும் தெரியாது. எனக்கு அது முடியவில்லை. தர்மகர்த்தாவிடம் போய்ச் சொன்னேன். நாலு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் கூட ஆறியிருக்கும். அவர் அங்கேயே போனைப் போட்டு அச்சில் அடித்த அகல்களுக்குச் சொல்லிவிட்டார். "வருஷா வருஷம் அனுப்பச் சொல்லிட்டேன். வயசான காலத்துல நீ ஏன் பேஜார் பட்டுக்கினு?" என்று என் தோளைத் தட்டினார். அன்போடுதான் சொன்னார்.

தீபத்தன்று கோயிலுக்கு எதிர்ச்சாரியில் நின்றேன். படியெல்லாம் விளக்கு. ஒன்றும் கசியவில்லை, ஒன்றும் அணையவில்லை. பூ விற்கும் கோவிந்தம்மா என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"இன்னாண்ணா, அண்ணி இல்லாட்டியும் உன் கை குறையலியே! இந்த வருஷம் அகலு எவ்ளோ அழகு! எல்லாம் ஒரே அளவு! போன வருஷத்தவிட ஜோரா கீதுண்ணா!"

அது என் அகல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவளை என்ன சொல்வது? படியேறிப் போன அத்தனை பேரில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நீயும் நானும் இத்தனை வருஷம் யாருக்குச் செய்தோம், சரோஜா? வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன்.

அடுத்த கார்த்திகைக்கும் அந்த அகல்தான் எரியும். அப்போதும் யாராவது வந்து என்னைப் பாராட்டுவார்கள். அது என் கை இல்லை, நாங்கள் செய்வதை விட்டுவிட்டோம் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தர என்னிடம் இருக்கிற வாக்கு இது ஒன்றுதான்.

இன்னும் உன் பேச்சுக்குக் கட்டுப்பட்ட புருஷன்,
மலரின் அப்பா,
ஏகாம்பரம்