உப்புப் போட்ட மீன்கள்

அன்பு அன்ரன் அண்ணாவுக்கு,

இங்கே விடாத மழை. ஹந்தானை மலையை மேகம் மூடிக் கிடக்கிறது. ஆய்வுகூடத்தில் உங்கள் கதிரையில் யாரும் உட்காருவதில்லை. என் பையைத்தான் வைக்கிறேன். களைப்பாக இருக்கிறது அண்ணா.

நீங்கள் கடைசியாக மன்னாரில் பிடித்த மீன்கள் வந்து சேர்ந்தன. உங்களுக்கு நெஞ்சுவலி வந்த அன்று அவை உங்கள் வீட்டு ஐஸ் பெட்டியில் இருந்தன. செத்த வீட்டில் ஐஸை யார் பார்ப்பார்கள்? உருகிவிட்டது. உங்கள் அம்மா அவற்றைக் கீறி, உப்புப் போட்டு, காயவைத்து, கண்டி பஸ்ஸில் அனுப்பினார்.

"அவன் பிடிச்சது, பிள்ளை. பழுதாப் போக விடேல்ல" என்றார் தொலைபேசியில். "நல்லதுங்கம்மா" என்றேன்.

மீனின் சதையில் கனமான காபனும் லேசான காபனும், அதேபோல் இரண்டு வகை நைதரசனும், எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்து, அது எதைத் தின்று வளர்ந்தது என்று சொல்வது நம் வேலை. மற்ற மீன்களையெல்லாம் உறையவைத்து, உலர்த்தி, பொடித்து, கொழுப்பைக் கழுவி எடுத்தோம். கொழுப்பு மிஞ்சினால் காபன் பொய் சொல்லும் என்று எத்தனை தடவை என்னிடம் கத்தியிருப்பீர்கள்! உப்புப் போட்டால் என்ன சொல்லும்?

"விட்டுருங்க கோமதி" என்றார் பேராசிரியர். எப்படி விடுவது? கடலடிப் பவளப்பாறைத் திட்டான பாருக்கு வெளியே பிடித்தவை அவை மட்டும்தானே. அதற்காகத்தானே அந்தக் கச்சான் காற்றிலும் போனீர்கள்?

உங்கள் தம்பியிடம் பாருக்கு உள்ளே அதே வகை மீன்களைப் பிடித்து ஐஸில் அனுப்பச் சொன்னேன், உப்பு எவ்வளவு மாற்றுகிறது என்று பார்க்க. ஒவ்வொன்றிலும் ஒரு பாதியை உறையவைத்தேன். மறு பாதிக்கு உப்பு. எவ்வளவு என்று உங்கள் அம்மாவிடம் கேட்டால், "கையால அள்ளிப் போடு பிள்ளை, அளவு கிளவு ஒண்டுமில்லை" என்றார். சிரித்துவிட்டேன். நீங்கள் போனபின் அன்றுதான் சிரித்தேன்.

முடிவு வந்தது. உப்புப் பாதி ஒரு மீனில் விகிதத்தைக் கூட்டிக் காட்டுகிறது, இன்னொன்றில் குறைத்துக் காட்டுகிறது. இவ்வளவு என்று கழித்துவிட வழியில்லை. உங்கள் மீன்களைச் சேர்க்க முடியாது அண்ணா. நீங்களாக இருந்தால் முதல் நாளே ஒதுக்கியிருப்பீர்கள். எனக்குத்தான் மனம் வரவில்லை. கழிவறைக்குள் போய் அழுதேன்.

உங்கள் அம்மாவிடம் மறைக்கவில்லை. "அப்ப கறி வையுங்கோ பிள்ளை. சாப்பாட்டுக்கு ஒரு பழுதுமில்லை" என்றார்.

கத்தரிக்காய் போட்டு வைத்தேன். "உப்பு கூடிப்போச்சு கோமு" என்றபடியே எங்கள் அம்மா இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டார். பிறகு நானும் சாப்பிட்டேன்.

தென்மேற்கிலிருந்து வீசும் இந்தக் கச்சான் காற்று ஓய்ந்ததும் உங்கள் தம்பியோடு பாருக்கு வெளியே போவேன். கடலைக் கண்டாலே எனக்குத் தலை சுற்றும், உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் போவேன். இந்தத் தடவை ஐஸை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் ஹந்தானைத் தங்கச்சி,
கோமதி