ஞாயிற்றுக்கிழமை விற்பனை இல்லை

நவம்பர் 11, சனி

திருமதி பாக்கர் இன்று ஒரு மேசை விளக்கைக் கொண்டுவந்து என் முன்னால் தொப்பென்று போட்டாள். மேசை நாற்காலி விற்கும் கடையில், விற்ற பொருளைத் திரும்ப வாங்கும் இடத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்த எனக்கு அது பழக்கம்தான். "உடைஞ்சதை வித்துட்டு இளிப்பு வேறயா? முதலாளியக் கூப்பிடு." உடைத்தது அவள் வீட்டுப் பூனை. விளக்கில் ஒட்டியிருந்த முடியே சொன்னது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நாளை தேவாலயத்தில் இதே பெண்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து, பிரசங்கம் தொடங்கியதும் பெப்பர்மின்ட் நீட்டுவாள். நானும் வாங்கி வாயில் போட்டுக்கொள்வேன்.

நவம்பர் 12, ஞாயிறு

போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 20, திங்கள்

அலெய்டா வேலையை விட்டுவிட்டாள். என் ஒரே மகள், எங்கள் கடையின் கிடங்கில்தான் இருந்தாள். முதலாளி ஹார்ம்சன் எங்கள் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை அவருடைய இணையக் கடைக்குக்கூடப் பூட்டு. திறந்து பார்த்தால் 'இன்று ஓய்வுநாள், நாளை வாருங்கள்' என்று மட்டும் இருக்கும். இந்த வாரம் பெரிய தள்ளுபடி. அதனால் நேற்று இரவே கிடங்குப் பிள்ளைகளை வரவழைத்து, நள்ளிரவு வரை சும்மா நிற்க வைத்திருக்கிறார். பன்னிரண்டு அடித்ததும் ஒரு ஜெபம், உடனே பெட்டி கட்டும் வேலை.

"நின்னது வேலையில சேராதாம்மா. அதுக்குக் காசும் கிடையாதாம். பெட்டியத் தொட்டாத்தான் பாவமாம்."

மாசமாயிருக்கும் ஒருத்தி உட்கார நாற்காலி கேட்டாளாம். எல்லாம் விற்பனைக்கு உள்ளவை என்றாராம். கிடங்கு முழுக்க நாற்காலி! அலெய்டா நேராகவே கேட்டுவிட்டாள்: "கடவுளுக்கு மணி பார்க்கத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?" எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

நவம்பர் 25, சனி

அலெய்டாவுக்கு நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்துக் கடையில் வேலை கிடைத்துவிட்டது. நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஞாயித்துக்கிழமையா?"

"அன்னிக்குத்தான்மா கூட்டம்."

நவம்பர் 29, புதன்

தேவாலயத்தில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு முன் வீடு வீடாக வரும் மூப்பர்கள் இன்று எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஹார்ம்சன் காபி குடித்தார், கேக் இரண்டு துண்டு சாப்பிட்டார், வேதம் வாசித்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"சகோதரி நேலி, ஓய்வுநாளை மதிக்காத பிள்ளைய வீட்ல வச்சுக்கிட்டு எப்படித் திருவிருந்துக்கு வருவீங்க? கடையிலயும் நாலு பேர் பார்க்கிற இடத்துல உட்கார்ந்திருக்கீங்க."

அந்தப் பெண் கேட்ட நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. இன்னொரு துண்டு வேண்டுமா என்றுதான் கேட்டேன்.

நவம்பர் 30, வியாழன்

சொல்லிவிட்டேன். "திருவிருந்து முடியுற வரைக்கும் வேற எங்கேயாவது இரேன். ஒரு வாரம்தானே."

அலெய்டா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததைத் துடைத்து முடித்துத்தான் திரும்பினாள்.

"யார் சொன்னது? அவரா?"

"இல்ல. நான்தான் சொல்றேன்."

அதையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர்தான் சொன்னார் என்றிருந்தால் சண்டை போட்டிருப்பாள், வீட்டிலேயே இருந்திருப்பாள். உடனே துணிகளைப் பெட்டியில் எடுத்துவைத்தாள். ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

திருவிருந்தில் அப்பத்தை வாயில் போட்டேன். அழுதேன். கிருபை என்னைத் தொட்டுவிட்டது என்று நினைத்து திருமதி பாக்கர் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

டிசம்பர் 10, ஞாயிறு

ஒரு வாரம் முடிந்தும் அவள் வரவில்லை. காலை ஆராதனை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்துக்குப் போனேன். தேவாலயத்துக்குப் போடும் கறுப்புத் தொப்பியோடு அந்த வரிசையில் நின்றவள் நான் ஒருத்திதான். ஒரு காபியை எடுத்துக்கொண்டு காசு நீட்டினேன்.

அலெய்டா வாங்கவில்லை. "உள்ள வை. இன்னிக்கு ஞாயிறு."

"பரவால்லடி."

"எனக்குப் பரவால்ல. உனக்குத்தான் ராத்திரி தூக்கம் வராது." தன் பையிலிருந்து காசை எடுத்துக் கல்லாவில் போட்டாள். "நீ வாங்கல. நான் குடுத்தேன். போதுமா?"

எத்தனையோ பேர் என் பக்தியை மெச்சியிருக்கிறார்கள். அதை இப்படிப் பார்த்துக்கொண்டவர்கள் யாருமில்லை. "வீட்டுக்கு வந்துடு" என்றேன்.

"மார்ச்சுல மறுபடியும் திருவிருந்து வருதே. அப்ப என்ன செய்யட்டும்?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'அப்பவும் வீட்லயே இரு' என்ற ஒரே வரி. வரவில்லை. பின்னால் நின்றவன், "குடும்பக் கதையெல்லாம் வீட்ல வச்சுக்கங்கம்மா, வழி விடுங்க" என்றான். அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் நகர்ந்தேன்.

டிசம்பர் 18, திங்கள்

அலெய்டா போன் எடுக்கவில்லை.

டிசம்பர் 26, செவ்வாய்

எடுக்கவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் யோஸ்ட் மாலையில் வந்தார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"அலெய்டா உத்ரெக்ட் நகரத்துக்கே குடிபோயிட்டாளாமே, நேலி. தேவாலயத்துல உங்க பெஞ்சுல அவளுக்குன்னு வச்ச இடம் சும்மாதானே கிடக்கு. புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு. அவங்களுக்குக் குடுத்துடலாமா?"

உத்ரெக்ட். எனக்கு இப்போதுதான் தெரியும். தெரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

"எத்தனை பேரு?"

"நாலு பேரு. அவ இடத்தையும் சேர்த்து அந்த பெஞ்சுல மூணு இடந்தான் தேறுது."

"என்னோடதையும் எடுத்துக்கங்க" என்றேன்.

ஒருநாளைக்கு மட்டுமா என்று கேட்டார். இல்லை என்றேன்.