இன்ஜினியர் என்னைப் பற்றி எழுதிய வார்த்தை

மார்ச் 4
லிஃப்ட் மெக்கானிக்காகப் பதினெட்டு வருடம். இன்ஜினியர் என்னைப் பற்றி எழுதிய அறிக்கை இன்றுதான் கண்ணில் பட்டது. எல்லாம் ஆங்கிலம். நடுவில் ‘காக்‌ஷ்யூர்’ என்று ஒரு வார்த்தை. ஷ்யூர் என்று முடிகிறதே, நல்லதாகத்தான் இருக்கும். மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

மார்ச் 5
மச்சினி வந்திருந்தாள். பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள். அர்த்தம் கேட்டேன். தயங்கினாள்.
“அத்தான், இது பாராட்டு இல்ல. கான்ஃபிடென்ட்னு எழுதியிருந்தா பாராட்டு. இது, சரிபாக்காமலே நான் சொல்றதுதான் சரின்னு நிக்கிறவங்களச் சொல்றது. நல்ல விதமா யாரும் சொல்ல மாட்டாங்க.”
சிரித்து மழுப்பினேன்.

மார்ச் 6
முதலில் கோபம்தான். கிரீஸ் படாத கை, அந்த ஆளுக்கு என்ன தெரியும்? மத்தியானம் வண்டி ஓட்டும்போது திடீரென்று நினைவுக்கு வந்தது. அந்த ஏழு மாடிக் குடியிருப்பு. போன மாதம் அங்கே லிஃப்ட்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனிங்கை நான் அளக்கவே இல்லை. சத்தத்தை மட்டும் கேட்டு, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்காமல் இருந்துவிட்டால்?

மார்ச் 7
போகவில்லை. தலைவலி என்று படுத்துவிட்டேன். தலைவலி இல்லை.

மார்ச் 8
அளந்தேன். லைனிங் தேய்ந்து காகிதமாக இருக்கிறது. லிஃப்ட்டை நிறுத்திப் பூட்டினேன். ஐந்தாம் மாடிப் பெரியவர் கைத்தடியோடு வந்து சத்தம் போட்டார்: “போன மாசந்தானே பாத்த? என்னத்தப் பாத்த?”
என்னத்தச் சொல்றது? நேத்து முழுக்க இந்த மனுஷன் இதுலதானே போய் வந்திருப்பார் — நான் போர்வைக்குள்ள கிடந்தப்போ.

மார்ச் 9
இன்ஜினியரிடம் சொல்லிவிட்டேன், அளக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று. அவர் பராமரிப்பு ஏட்டைப் புரட்டினார்.
“வேற எத்தன லிஃப்ட்ல இப்படிப் பண்ணீங்க?”
“தெரியல சார்.”
உண்மையாகவே தெரியவில்லை. அதுதான் பயம்.

மார்ச் 10
இனி நான் கையெழுத்துப் போடக் கூடாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். வேலை மட்டும் மிஞ்சியது.

மார்ச் 14
என் பொறுப்பில் இருந்த பதினொரு லிஃப்ட்டையும் இன்ஜினியரும் நானுமாகத் திறந்து அளந்தோம். இன்னும் இரண்டில் தேய்மானம். நிறுத்தினோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருந்தால்?

மார்ச் 17
ஏழு மாடிக் குடியிருப்பில் புது லைனிங் மாட்டினேன். இன்ஜினியரே அளந்து கையெழுத்துப் போட்டார். காலையில் திறந்துவிட்டோம். ஒன்பது நாளாகப் படியேறியவர்கள் முண்டியடித்து ஏறினார்கள். பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டு, “வாப்பா, இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு” என்றார்.
ஏறினேன். ஏழு மாடியும் கைப்பிடிக் கம்பியை விடவில்லை. மற்றவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.