அழுகல் பற்றி மச்சாளுக்கு

மச்சாள்,

இன்று காலை பள்ளிக்கூடத்தில் என் லாக்கருக்குள் ஒரு மீன் ரோல்ஸ் அழுகிக் கிடந்தது. மார்ச் விடுமுறைக்கு முதல் அம்மா கட்டித் தந்தது. புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டு மறந்துபோனேன். பெட்டியின் மூடி மேலே ஊதியிருந்தது. திறந்திருக்கக் கூடாது. திறந்தேன்.

மீன் கடைத் தரையும், ஈரச் சப்பாத்தும், புளித்த பாலும் ஒன்றாக மூக்குக்குள் ஏறியது போல ஒரு நாற்றம். ரோல்ஸின் மேல் சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்திருந்தது. அடியில் பழுப்பாக ஒரு நீர். விரல் பட்ட இடத்தில் அதன் தோல் வழுக்கிக்கொண்டு என்னோடு வந்தது. பெட்டியோடு குப்பையில் எறிந்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். முகர்ந்து பார்த்தேன். மறுபடி கழுவினேன். அப்போதுதான் உங்கள் குரல் வந்தது: "நிறம் என்ன? தண்ணி விட்டிட்டுதோ? படம் எடுத்தனியோ?"

எடுக்கவில்லை, மச்சாள். எடுத்தால் அனுப்ப ஆள் இல்லை என்பது ஈரக் கையோடு நிற்கும்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ரொறன்ரோவின் ஒரு மூலையில் ரூஜிலிருந்து இன்னொரு மூலையில் மில்லிக்கனுக்கு, உங்கள் வீட்டுக்கு வருவோம். பெரியவர்கள் மேலே இருப்பார்கள். நான் நேரே கீழே, பேஸ்மென்டில், உங்களிடம். தொலைக்காட்சியில் அந்தத் தொடர் அப்போதுதான் தொடங்கும். செத்தவர்கள் எழும்பி, தாடை தொங்க, குடல் இழுபட, தெருத்தெருவாக நடந்து உயிரோடு இருப்பவர்களைக் கடிப்பார்கள். மாமி அந்த நேரம் பார்த்துத்தான் புட்டும் நண்டுக்கறியும் கொண்டுவந்து வைப்பார். திரையில் ஒருவன் இன்னொருவனின் கையைக் கடித்து இழுக்க, பக்கத்தில் நீங்கள் நண்டின் காலைக் கடித்து உடைப்பீர்கள். இரண்டும் ஒரே சத்தம். நான் தட்டைத் தள்ளி வைப்பேன். "அப்ப உன்ரை நண்டையும் தா" என்று கையை நீட்டுவீர்கள்.

தொடர் முடிந்த கையோடு மடிக்கணினியைத் திறந்து, ரசிகர்கள் கூடிப் பேசும் களத்துக்குப் போவீர்கள். அங்கே பாதிப் பேர் யார் யாரைக் காதலிக்கிறார்கள், அடுத்து யார் சாவார்கள் என்று பேசினார்கள். தங்களை அறிவாளிகள் என்று நினைத்தவர்கள், செத்தவர்களை எழுப்புவது கிருமியா பூஞ்சணமா என்று சண்டை பிடித்தார்கள். நீங்கள் அழுகலைப் பற்றி மட்டும் எழுதினீர்கள். இரத்தம் ஓடாத உடம்பில் தசைக்கு ஒட்சிசன் போகாது. ஒட்சிசன் போகாத தசை முதலில் விறைக்கும், பிறகு தளரும், பிறகு எந்தக் கிருமியாலும் அதை நடக்க வைக்க முடியாது. விழுங்கிய இறைச்சி செரிக்காது. வயிற்றில் கிடந்து நொதிக்கும், வாயு திரளும், ஒருநாள் வெடிக்கும். ரொறன்ரோ என்றால் ஜனவரியில் எல்லாமே உறைந்து, ஸ்ரீல்ஸ் வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிற சனம் மாதிரி வரிசையாக நிற்கும். ஏப்ரலில் பனி உருகும்போது அவையும் உருகி வாய்க்காலில் ஓடும். நான் காதைப் பொத்திக்கொண்டு "மச்சாள், பிளீஸ்" என்பேன். நீங்கள் என் கையை இழுத்துவிட்டு, வாய்க்காலில் ஓடுவதன் நிறத்தைச் சொல்வீர்கள்.

மாமியின் கேள்விதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆராய்ச்சி. கோப்பைகளை எடுக்க வந்தவர் திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். "ஸோம்பி" என்று நாங்கள் சொன்னதெல்லாம் அவருடைய காதில் "சோம்பி" என்றுதான் விழுந்திருக்கிறது.

"உந்தச் சோம்பியள் ஏன் உப்பிடி இழுத்து இழுத்து நடக்கினம்? ஒரு வேலை வெட்டிக்குப் போகேலாதோ?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் நண்டுக்கறி மூக்கால் வந்தது. அன்றிலிருந்து எங்களுக்கும் அவை சோம்பிகள்தான். பாத்திரம் கழுவாமல் படுத்திருந்தால் நீங்களும் சோம்பி, நானும் சோம்பி.

எனக்கு அந்த நாட்களில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் திணை நடந்துகொண்டிருந்தது. மனிதர், தேவர், நரகர் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. சோம்பி எந்தத் திணை என்று உங்களிடம் கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். கிருமிக்கும் பூஞ்சணத்துக்கும் நிமிராத நீங்கள் அதற்கு எழும்பி உட்கார்ந்தீர்கள். களத்தில் அதைப் பெரிய கட்டுரையாக எழுதினீர்கள். என் தாய்மொழியில் ஒரு சோம்பியைப் பற்றி ஒரு வசனம் பேசவேண்டும் என்றால்கூட, அது ஆளா இல்லையா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும் என்று. யாரும் கவனிக்கவில்லை. காதல் ஜோடிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

என்னிடம் சொன்னீர்கள்: "இங்கிலீசில நழுவலாமடி. தமிழில வினை முடியேக்கை மாட்டுப்படுவாய். வந்தாளோ, வந்துதோ?" பிறகு, சிரிக்காமல்: "அது எண்டு சொன்னாப் பிறகுதான் மண்டையை உடைக்கலாம். அதுக்குத்தான் அந்தச் சொல்லு."

அதன் பிறகு அந்தத் தொடரில் யாராவது கோடரியை ஓங்கும்போதெல்லாம் நான் அவர்களுடைய வாயைப் பார்த்தேன், என்ன சொல்கிறார்கள் என்று.

உங்களுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில். எனக்கு ஆஸ்பத்திரி மணமே பிடிக்காது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே வருவேன். நீங்கள் வாய்க்குள் புண்ணோடு, தலையில் முடியில்லாமல், உங்களையே ஒரு தொடர்போலப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "எல்லாச் செல்லும் ஒரு நேரம் வந்தால் சாகவேணும். இதுகள் சாக மறந்துபோச்சுதுகள். எனக்குள்ளை சோம்பியள்" என்றீர்கள். உங்கள் நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் காட்டி, அது என்ன என்று விளக்கினீர்கள். நான் போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். நீங்கள் கோபிக்கவில்லை. கடைசி நாட்களில் உங்களால் விழுங்க முடியவில்லை. மாமி கரண்டியில் கஞ்சியோடு நின்றார். நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

செத்தவீட்டைப் பற்றி உங்களுக்கு எழுதத்தான் வேண்டும். உங்களைத் தவிர வேறு யாரும் அதை ரசிக்க மாட்டார்கள்.

உங்களுக்கு உதட்டுச் சாயம் பூசியிருந்தார்கள், மச்சாள். ரோஸ் நிறம். கன்னத்திலும் அதே ரோஸ். தலையில் யாருடையதோ முடி. அதில் மல்லிகைப்பூ. மூக்குக்குக் கீழே பவுடர் திரண்டிருந்தது. அறை முழுக்க வாசனைத் தண்ணீரும், பூவும், அவற்றுக்குக் கீழே இன்னொன்றும். அந்த இன்னொன்றை மறைக்கத்தான் மற்றதெல்லாம் என்பது எனக்கு உடனே விளங்கியது. தொடரில் காட்டிய எந்தக் குடலும் எனக்கு அவ்வளவு குமட்டவில்லை. ஒருவர் கைபேசியை உயர்த்தி, ஊரில் இருப்பவர்களுக்கு நேரலையில் உங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.

என் காதில் விழுந்ததெல்லாம் வினைமுற்றுக்கள். "பொடி எப்ப வந்தது?" "எத்தினை மணிக்கு எடுக்கினம்?" "நித்திரை கொள்ளுற மாதிரியே கிடக்குது." பொடி. கனடாவுக்கு வந்து இத்தனை காலம், இங்கிலீஷ் "body"யைப் பொடி என்று தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். முந்தின கிழமை வரை உங்களை வந்தாள், போனாள் என்றவர்கள். ஒரு நாளில் உங்களைத் திணை மாற்றிவிட்டார்கள். எனக்கு அந்த அறையில் இருந்த அத்தனை வாயையும் பார்க்க அருவருப்பாக இருந்தது.

அந்த நேரம் மாமி என் தோளில் சாய்ந்து, "அது பாவம். பசியோடை போட்டுது" என்றார். போய்விட்டதாம். நீங்களுமா மாமி என்று நினைத்தேன். தோளைக்கூட அசைக்கவில்லை. ஆனால் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து ரசிகர் களத்தில், உங்கள் பெயரைச் சொல்லாமல், அழுகலைப் பற்றி எழுதியவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன். சிலர் வருத்தம் சொன்னார்கள். ஒருவன், கொஞ்சம் பொறுங்கள், எழும்பி வந்துவிடுவாள் என்று எழுதிச் சிரிக்கும் முகங்கள் போட்டிருந்தான். அதற்கு நிறையப் பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். இன்னொருவன், அவருடைய கணக்குப்படி இப்போது அழுகலில் எந்தக் கட்டம் என்று கேட்டிருந்தான். நீங்கள் இதற்குச் சிரித்திருப்பீர்களோ என்னவோ. நான் போய்ச் சத்தி எடுத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும் என்றார்கள். மாமாவின் நண்பர் ஒருவர், எங்களுக்கு அங்கிள், அதைப் பொறுப்பெடுத்தார். சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, தான் எழுதியதை வாசித்துக் காட்டினார். அமைதியே உருவானவள். பண்பின் சிகரம். ஆன்மீகத்தில் நாட்டம் கொண்டவள். மச்சாள், உங்கள் முகத்தில் திரண்டிருந்த அதே பவுடர் அந்த வசனங்களிலும் திரண்டிருந்தது. நண்டின் காலை உடைத்தவளை, என் காதைப் பொத்த விடாதவளை, இன்னொரு முறை எடுத்துப் பூசிக்கொண்டிருந்தார்கள். இது அச்சில் போனால் பிறகு இதுதான் நீங்கள்.

நான் எழுதிக்கொண்டு போன பக்கத்தைக் கொடுத்தேன். சோம்பிகளைப் பற்றியும், அழுகலைப் பற்றியும், சாக மறந்த செல்லைப் பற்றியும் எழுதியிருந்தேன். அங்கிள் இரண்டு பந்திகள் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். உந்தப் பிணக்கதையை அந்தியேட்டி மலரில் போட்டால் சனம் என்ன கதைக்கும், கலியாணம் ஆகாத பிள்ளை என்றார். செத்த பிள்ளைக்கு இனி என்ன கலியாணம் என்று கேட்க எனக்கு வாய் வந்தது. மாமி இருந்ததால் விழுங்கினேன்.

மாமியும் இரண்டு வசனம் சொல்ல விரும்பினார். அங்கிள் தட்டச்சு செய்யத் தொடங்கினார். மாமி சுவரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "என்ரை பிள்ளை நல்லாச் சாப்பிடும். எல்லாத்தையும் துருவித் துருவிப் பாக்கும். கடைசியிலை ஒண்டும் சாப்பிடேலாமல், பசியோடை போட்டுது."

திரையில் வந்தது வேறு. எங்கள் அருமை மகள் உணவருந்தாமலே இறைவனடி சேர்ந்தாள்.

"மாமி அப்பிடிச் சொல்லேல்லை, அங்கிள்" என்றேன்.

"அதெப்பிடித் தங்கச்சி, பெத்த மகளைச் சாப்பிடும், போட்டுது எண்டு அச்சில போடுறது? பிழையெல்லோ?"

சாப்பிடும். பாக்கும். போட்டுது. அவர் அதைப் பிழை என்று திருப்பிச் சொன்னபோதுதான் எனக்குக் கேட்டது. மாமி உங்களை எப்போதும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். பிள்ளை கம்பசுக்குப் போட்டுது. பிள்ளை இன்னும் எழும்பேல்லை, படுத்திருக்குது. என்னையும்தான்: பிள்ளை சாப்பிட்டுதோ? நீங்கள் செத்ததால் அவர் உங்களை அது ஆக்கவில்லை. நீங்கள் பிறந்த நாளிலிருந்தே அவருக்கு அது. எங்கள் தமிழ் வகுப்பில் இதற்குப் பெயர் இருக்கிறது. அன்பு மிகுந்தால் பசுவை "என் அம்மா வந்தாள்" என்று சொல்லலாம், அது வழு அல்ல, வழுவமைதி என்று படித்திருக்கிறேன். பசு மேலே ஏறி வரலாம் என்றால், பிள்ளை அன்பினால் கீழே இறங்கி மடிக்கு வரலாம். நீங்களும் நானும் எத்தனை ஞாயிறு இதைப் பேசியிருக்கிறோம்! கோப்பை எடுக்க வந்துபோன மாமியின் வாயை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"பிழை இல்லை, அங்கிள். மாமி சொன்னபடி போடுங்கோ."

அவர் மாமாவைப் பார்த்துச் சிரித்தார். "கனடாவில பிறந்த பிள்ளையள் இப்ப எங்களுக்கு இலக்கணம் படிப்பிக்குதுகள்."

"படிப்பிக்குதுகள் எண்டுதானே நீங்களும் சொன்னீங்கள்?"

அங்கிளுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. சரி, இரண்டில் ஒன்றைப் போடுவோம், தாயின் வசனமா மருமகளின் பிணக்கதையா என்று மாமியைக் கேட்டார். நான் மாமியின் பக்கம் திரும்பவில்லை. அவர் தன் வசனத்தை எடுக்கச் சொன்னால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

"இரண்டையும் போடுங்கோ" என்றார் மாமி. "என்ரை பிள்ளை ஒளிச்சுப் பாக்கேல்லை. என்ரை கண்ணுக்கு முன்னாலைதான் பாத்தது. எனக்கும் அரியண்டமாத்தான் இருந்தது. அதுக்காக இல்லையெண்டு சொல்லுறதோ?"

இரண்டும் அச்சில் வந்தது. பண்பின் சிகரமும் முதல் பக்கத்தில் இருக்கிறது, அதை யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் வயிறு வெடிக்கிறது. அந்தியேட்டியில் ஓர் அன்ரி பாயாசத்தோடு அதை வாசித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அதைப் பார்த்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

எனக்கு அருவருப்புப் போகவில்லை, மச்சாள். உங்களைப்போல அழுகலைக் குனிந்து பார்க்க நான் பழகவே மாட்டேன். கூடுதலாக இப்போது ரோஸ் நிறமும் மல்லிகையும் குமட்டுகிறது.

போன சனிக்கிழமை திணை வழுவமைதிக்கு உதாரணம் எழுதச் சொன்னார்கள். எல்லோரும் பசுவை எழுதினார்கள். நான், "என் மச்சாள் பசியோடு போனது" என்று எழுதினேன். ஆசிரியை சிவப்பு மையால் வெட்டி, "போனாள்" என்று எழுதி, திருத்தி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

நான் திருத்தவில்லை.