அக்காவின் வளையல்கள் என் கையில்

அன்புள்ள அம்மாவுக்கு வைஷாலியின் வணக்கம். உங்கள் முதுகுவலி தேவலையா? திருப்பூர் கம்பெனியில் லீவு தந்தார்களா? போனில் பேசும்போது அக்கா பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால் இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுகிறேன்.

அக்காவுக்கு முதல் மூன்று மாதம் வாந்தி, நடுவில் பிரஷர் ஏறியது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இப்போது எட்டாம் மாதத்தில் கைகால் வீங்கியதால் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். பயப்படாதீர்கள். குழந்தையின் இதயத் துடிப்பை நானே கேட்டேன். உங்கள் தையல் மிஷின் வேகமாக ஓடுவதுபோல இருக்கிறது!

நேற்று நர்ஸ் மேரியக்கா வளைகாப்பு வளையல்களைக் கழற்றச் சொன்னார்.

"புள்ள பொறக்கிற வரைக்கும் கழட்டக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்று அக்கா அழுதாள்.

"கை வீங்கிகினே போவுதும்மா. அப்புறம் ஒடச்சுதான் எடுக்கணும், பரவால்லியா?"

உடைப்பது என்றதும் அக்கா கைகளைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டாள். நான் கையை நீட்டி, "எனக்குப் போட்டு விடு. உனக்காக நான் போட்டுக்கறேன்" என்றேன். சோப்பு தடவி ஒவ்வொன்றாக மாற்றினோம். வளையல் சத்தம் குழந்தைக்குக் கேட்குமா என்று மேரியக்காவைக் கேட்டேன். "கேக்கும். நீ ஓயாம பேசறதும் கேக்கும்" என்றார்.

நான் செய்தது சரிதானே, அம்மா? வரும்போது என் போர்வையைக் கொண்டுவாருங்கள். சீக்கிரம் வாருங்கள். படுத்தால் வளையல் உடைந்துவிடுமோ என்று உட்கார்ந்தே இருக்கிறேன். வார்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள்; வராந்தா வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வைஷாலி