எந்திரிக்க முடியலம்மா

என் பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இன்றைய தேதிக்கு நாங்கள் மூன்று பேரும் நலம், உன் நலம் நிச்சயமாகத் தெரியாமல்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிட்டு பேக்கரி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாய். எழுதினால் முழுசாகப் படித்துத்தானே ஆக வேண்டும். பதறாதே, தம்பி இப்போது மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடுகிறான். பயமெல்லாம் எனக்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி அவன் நண்பன் வீடு மாற்றுகிறான் என்று பீரோ, கட்டில் எல்லாவற்றையும் மூன்றாம் மாடிக்குச் சுமந்துவிட்டு வந்தான். பசி பசி என்று பாத்திரத்தை வழித்துத் தின்றுவிட்டு, நீ அனுப்பிய பிஸ்கட் டப்பாவையும் காலி செய்துவிட்டுப் படுத்தான். திங்கட்கிழமை காலை எழுப்பினால் எந்திரிக்க முடியலம்மா என்றான். திங்கட்கிழமை யாருக்குடா எந்திரிக்க முடியுது என்று சொல்லிவிட்டு நான் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டேன், பள்ளிச் சட்டை நாற்பது அன்றைக்குத் தர வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா என்று கூப்பிட்டான், அந்தக் குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால் போர்வையைக்கூட விலக்க முடியாமல் கிடக்கிறான். பேசுகிறான், வலி இல்லை என்கிறான், கிள்ளினால் தெரிகிறது, ஆனால் காலைத் தூக்கி விட்டால் பொத்தென்று விழுகிறது. அப்பா, உடம்புல தெம்பு இல்ல, குளுக்கோஸ் கரைச்சுக் குடு என்றார். ஒரு டம்ளர் கொடுத்தேன், அரை மணி நேரத்தில் கையும் போயிற்று. ஐயோ என்று இன்னொரு டம்ளர் கொடுத்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடியவில்லை அவனால். பெற்றவளே என் கையால் கொடுத்தேன்டா.

ஆஸ்பத்திரியில் நர்ஸும் குளுக்கோஸ் பாட்டிலைத்தான் மாட்டப் போனாள். உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் அந்த டாக்டர் பெண்ணுக்கு, ஓடிவந்து அதை முதல்ல எடுங்க என்று கத்தினாள். ரத்தத்தில் பொட்டாசியம் ஒன்று புள்ளி ஒன்பதாம், மூன்றரைக்குக் குறையக் கூடாதாம். வேளாவேளைக்கு நல்லாத்தானே சாப்பிடுறான், இருந்ததெல்லாம் எங்க போச்சு என்று அப்பா கேட்டார். எங்கயும் போகலைங்க, உள்ளயேதான் இருக்கு என்றாள் அவள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தண்ணீர், வெளியே சுற்றியும் தண்ணீர். வெளித் தண்ணீரில் சோடியம் நிறைய, உள் தண்ணீரில் பொட்டாசியம் நிறைய. செல்லின் சுவரில் ஒரு பம்பு ஓயாமல் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறதாம். நூறு பங்கில் இரண்டே பங்குதான் வெளியே நிற்குமாம். உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் அந்த வித்தியாசத்தில்தான் துளி மின்சாரம் உண்டாகித் தசை அசைகிறது, இதயம் துடிக்கிறது. இனிப்பும் மாவும் வயிறு நிறையப் போனால் இன்சுலின் சுரந்து அந்தப் பம்பை முடுக்கிவிடும், வெளியே இருக்கும் கொஞ்சமும் உள்ளே போய்விடும். எல்லோருக்கும் அப்படித்தான், மற்றவர்கள் தாங்கிக்கொள்வார்கள். சில குடும்பத்தில் தசைச் செல்லின் சுவரிலேயே பிறவியில் ஒரு ஒழுக்கு இருக்குமாம், அவர்களுக்குத் தசை சொன்ன பேச்சைக் கேட்காமல் அப்படியே நின்றுவிடும், பாரம் சுமந்து ஓய்ந்து படுத்தால் இன்னும் சுலபமாக வருமாம். நான் கொடுத்த இரண்டு டம்ளரும் என்ன செய்தது என்று இப்போது உனக்கே தெரிந்திருக்கும். பொட்டாசிய மருந்து உள்ளே போய்ச் சாயங்காலம் கால் கட்டைவிரல் அசைந்தது, நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்புறம் அவள், உங்க குடும்பத்துல யாருக்காவது காலையில எந்திரிக்க முடியாமப் போனதுண்டா என்று கேட்டாள். உன் கட்டை மாமாதான். விருந்து சாப்பிட்ட மறுநாள் மத்தியானம் வரை கட்டை மாதிரி கிடப்பான் என்று என் அண்ணனுக்கு நாங்கள்தானே அந்தப் பெயரை வைத்தோம். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி கிடக்கிறான் என்போம். அச்சகத்தில் வேலை போனபோது குடிக்கிறான் என்றும் சொன்னோம், ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை அவன். முப்பத்தாறு வயதில் தனி அறையில் போய்விட்டான், உனக்கு அப்போது நான்கு வயது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது, உடைத்துத்தான் திறந்தார்கள். கட்டிலில் இல்லை, தரையில் கிடந்தான், கதவுக்கு நாலடி தள்ளி. இதயம் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். டாக்டர் பெண் அதைக் கேட்டுவிட்டு, இதுவாவும் இருக்கலாம்மா என்றாள். என் வழியாக வந்திருக்குமாம், பெண்களுக்குப் பல நேரம் வெளியே தெரியாதாம், பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வரலாமாம். மரபணுச் சோதனை முடிவு வர மூன்று வாரமாகும். அதுவரை நான் எப்படித் தூங்குவேன் சொல்.

நீ விடிய விடிய மாவு மூட்டை தூக்குகிறாய், அடுப்பிலிருந்து இறக்கிய இனிப்பு ரொட்டியை வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுக்கிறாய், அதுவும் தனி அறையில். போன குளிர்காலத்தில் ஒரு நாள் விழிப்பு வந்தும் ஒரு மணி நேரம் கால் அசையவில்லை, முதலாளி திட்டினார் என்றாயே. நானும் அப்பாவும் மாமா புத்தி மருமகனுக்கு என்று சிரித்தோமே. தம்பியின் ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், இந்த வாரமே ஒரு டாக்டரிடம் காட்டு. யார் என்ன சொன்னாலும் குளுக்கோஸ் ஏற்ற விடாதே, இந்தக் காகிதத்தை நீட்டு. பொட்டாசியத்தை நீயாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதே, கூடிப்போனாலும் இதயத்துக்கு ஆபத்தாம். வேலை முடித்த கையோடு வயிறு முட்டத் தின்னாதே. பக்கத்து அறை எலெக்ட்ரீஷியனிடம் ஒரு சாவி கொடுத்து வை, கூச்சப்படாதே.

இன்னொன்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன். உனக்குப் பதினாலு வயது, பரீட்சை நாள் காலை. எந்திரிக்க முடியலம்மா என்றாய். நடிக்காதேடா என்று ஒரு செம்புத் தண்ணீரை உன் முகத்தில் ஊற்றினேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய நீ என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாய், முகத்தைத் துடைக்கவில்லை. திமிரைப் பார் என்று நினைத்தேன். எட்டு வருஷமாகத் திமிர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், கையைத் தூக்க முடிந்திருந்தால் துடைத்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லையடா.

தினமும் எழுந்து உன் காலில் நீ நிற்க வேண்டும், நூறு வயது வரைக்கும் நிற்க வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். எழுந்ததும் ஒரு போன் பண்ணு, பேசக்கூட வேண்டாம். எந்திரிக்க முடியலம்மா என்று நீ சொன்னால் இனிமேல் நான் நம்புவேன். கதவைச் சாத்தி வெளிச்சாவியால் திறக்கிற பூட்டை மட்டும் போடு, தாழ்ப்பாள் போடாதே.

இப்படிக்கு,
உன்னைச் சோம்பேறி என்று வைத
அம்மா